நிற்கிற ஆள் இருக்கும்வரை

என் வீட்டுக்காரர் உட்காரமாட்டார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அதென்ன, நாற்காலியில ஆணியா அடிச்சு வச்சிருக்கு?" என்று கேட்பார்கள். நாற்காலியில் இல்லை, அவர் மண்டையில் அடித்து வைத்திருக்கிறது என்பேன்.

டவுனுக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். அந்தத் தடத்துக் கண்டக்டர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பஸ்ஸில் ஒரே ஒரு பயணி நின்றுகொண்டிருந்தாலும் கண்டக்டர் உட்காரக் கூடாது. பின்வாசலுக்குப் பக்கத்தில் கண்டக்டருக்கென்று ஒற்றை சீட் இருக்கும். அதில் முடியாதவர் யாரையாவது உட்கார வைத்துவிட்டு, இவர் கம்பியில் சாய்ந்துகொண்டு டிக்கெட் கிழிப்பார். ஆலைக்குப் போகிற கூட்டமும் ஆலையிலிருந்து வருகிற கூட்டமும் ஏறி இறங்கும் தடம் அது. நிற்கிற ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

மற்றக் கண்டக்டர்கள் அந்த வழக்கத்தை டிப்போவிலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் கல்யாண போட்டோவை எடுத்துப் பாருங்கள். நான் ஒரு நாற்காலியில் இருக்கிறேன், பக்கத்து நாற்காலி காலி. மாப்பிள்ளை எங்கே என்றால், பின்வரிசையில் என் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். "சித்தப்பா நிக்கிறாரே, நான் எப்படி உக்கார்றது?" என்றாராம். எனக்கு வந்த கோபத்தில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். அதையும் போட்டோக்காரர் விடாமல் எடுத்துவைத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் அடுப்படியில் நிற்கும்போது அந்த மனுஷன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, நான் வேலையை முடிக்கும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பார். அவர்மேல் எரிச்சல் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்குத்தான் எனக்கு வாய் இருக்கிறதே.

ஊரையே பூட்டிப்போட்ட அந்த நோய் வந்தது. பஸ்கள் நின்றன. முதலாளி போன் செய்து, "சொல்லி அனுப்பறேன், அப்ப வந்தா போதும்" என்றார். சொல்லியும் அனுப்பவில்லை, ஆளும் அனுப்பவில்லை. எனக்குப் பள்ளிக்கூட விடுதிப் பிள்ளைகளின் சீருடைகளை வீட்டில் இஸ்திரி போடும் வேலை. பள்ளிக்கூடம் பூட்டியதும் இஸ்திரிப்பெட்டியும் ஆறிப்போனது. எங்கள் மகள் அப்போதுதான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளும் புத்தகங்களோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வேலையில்லாத கண்டக்டரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது என்ன பாடு என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். காலையில் எழுந்து சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். மகள் குளியலறைப் பக்கம் போனால், "உள்ள ஆள் இருக்கு, அடுத்த ட்ரிப்புக்கு நில்லு" என்பார். நான் பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்தால் பின்னாலேயே வந்து, பெரியதைப் பின்னால் தள்ளிச் சிறியதை முன்னால் வைப்பார். சிரிப்பு வரும், ஆனால் அரிசிப் பானையின் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. கை வளையல் ஏற்கெனவே போய்விட்டது.

அப்போதுதான் வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகையும், முடிந்தால் தற்காலிக வேலையும் கொடுக்கப் போவதாக வேலைவாய்ப்பு அலுவலகம் அறிவித்தது. முதலில் ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள். அது எப்போதும் பாட்டுத்தான் பாடும், ஆள் பேசாது. அப்புறம் இணையத்தில் பதியலாம் என்றார்கள். மகள் தட்டிக்கொண்டே இருப்பாள், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு இதே கதை போலிருக்கிறது. கடைசியில், "பதிய முடியாதவங்க நேர்ல வாங்க. வெள்ளிக்கிழமையோட பதிவு முடியுது" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஒரு வண்டி போனது.

குடும்பத்துக்கு ஒரு பதிவு. அதுவும் சம்பளச் சீட்டு உள்ளவர் பெயரில்தான். இஸ்திரிப்பெட்டி யாருக்குச் சம்பளச் சீட்டு கொடுத்தது? ஆக, அவர்தான் போக வேண்டும். அவர் முகத்தைத்தான் அங்கே படம் பிடிப்பார்கள்.

"நான் போகமாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"இத்தனை வருஷம் நான் மத்தவங்களுக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்த கை இது. கையை நீட்டி நிக்கச் சொல்றியா?"

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிங்க? அது பிச்சையா? வேலை போனவங்களுக்குன்னு குடுக்கறது. உங்களுக்கு வேலை இருக்கா?"

கல்லைக்கூடக் கரைத்துவிடலாம், இவரைக் கரைக்க முடியாது. மறுநாள் காலை நானே போய்ப் பார்த்தேன். அலுவலக வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. தரையில் ஆளுக்கு ஒரு வட்டமாகச் சுண்ணாம்பில் போட்டு வைத்திருந்தார்கள். வட்டத்துக்குள் நிற்க ஆள் இல்லை, வட்டத்துக்கு வெளியே ஊரே இருந்தது. வாசல் காவலாளி கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தேன். அவரிடம் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்ன கூட்டம், என்ன கூட்டம்! வரிசைன்னு ஒண்ணு இருந்தாத்தானே? குழந்தையைத் தூக்கிட்டு வந்தவ கடைசியில நிக்கிறா. வாட்டசாட்டமா இருக்கறவன் முன்னால நிக்கிறான். கேக்க நாதி இல்ல" என்று பாத்திரங்களிடம் சொல்வதுபோலச் சொன்னேன்.

நிலைப்படியில் நின்றிருந்தவரின் காது விடைத்தது. "கேக்க ஒரு ஆள்கூடவா இல்ல?" என்றார். பிறகு சட்டையின் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். நான் சம்பளச் சீட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

நானும் கூடவே போனேன். போன வேகத்தில் அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. கூட்டத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "உள்ள நகருங்க, உள்ள நகருங்க! எடம் இருக்கு பாருங்க, நெருங்கி நில்லுங்க!" அந்தக் குரலுக்குப் பழகிய ஜனங்கள். யோசிக்காமல் நெருங்கிவிட்டார்கள். ஒரு நொடியில் நாலு வட்டத்துக் கூட்டம் ஒரு வட்டத்துக்குள் வந்துவிட்டது. காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ்! தள்ளி நிக்கணும்யா! தள்ளி!"

என் வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். வாழ்நாள் முழுக்க ஜனங்களை நெருக்கித் தள்ளிய மனுஷனிடம் விலக்கி நிறுத்தச் சொன்னால் எப்படி? கொஞ்ச நேரம் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் தெளிந்தது.

"ஒரு வட்டம் ஒரு சீட்டு! சீட்டுக்கு ஒரு ஆள்! அடையாள அட்டையெல்லாம் கையில எடுத்து வச்சுக்கோங்க, உள்ள போய்ப் பையைத் துழாவக் கூடாது. குழந்தையோட இருக்கறவங்க முன் சீட்டு!"

வாயில் கவசம் இருந்ததால் விசில் ஊத முடியவில்லை. அதனால் ஒரு நாணயத்தை எடுத்து இரும்பு கேட்டில் தட்டினார். ஒரு தட்டுக்கு எல்லோரும் நிற்க வேண்டும், இரண்டு தட்டுக்கு ஒரு வட்டம் நகர வேண்டும். மத்தியானத்துக்குள் வரிசை பாம்பு மாதிரி அழகாக வளைந்து தெருமுனை வரைக்கும் நின்றது. எனக்கு உள்ளூரப் பெருமைதான். இவரும் உள்ளே போய்ப் பதிந்துகொண்டு வருவார் என்று நம்பி நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தார். முகத்தில் ரொம்ப நாளுக்குப் பிறகு வெளிச்சம்.

"முடிஞ்சுதா?"

"இன்னிக்கு முடியல. நிறையப் பேர் நின்னாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாளும் அதே பதில். அதற்கடுத்த இரண்டு நாளும் அதே. நிற்கிற ஆள் இருக்கும்போது தான் எப்படி உள்ளே போவது என்பதுதான் கதை. கேட்டால் கவுண்டரில் இருக்கும் அம்மாவைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். "பாவம்மா அது. மூணு கவுண்டர்ல ரெண்டு பேருக்கு உடம்புக்கு வந்து, ஒத்தை ஆளா ஓட்டுது. குரல் போயிடுச்சு. டிரைவர் மாதிரின்னு வச்சுக்கோயேன். அது முன்னால பாத்து ஓட்டணும், பின்னால நடக்கறதை நாமதானே பாத்துக்கணும்?"

"உங்களை யாருங்க அந்த வண்டிக்குக் கண்டக்டரா போட்டது?"

"யாராவது போடணுமா?"

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று கத்தினேன். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கட்டிக்கொண்டு அழுவதா, கதவைச் சாத்திக்கொண்டு அழுவதா?

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு விட்டால் விட்டதுதான். அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. மகள் பேசாமல் தன் புத்தகங்களை ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். எதற்கென்று கேட்டேன். "ஏதாவது கடையில வேலை கிடைச்சா போறேன்மா. படிப்பை அப்புறம் பாக்கலாம்" என்றாள். எனக்குப் பகீரென்றது. சாப்பாட்டு டப்பாவில் சோற்றை அடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் போய்ச் சேரும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்து போயிருந்தது. இவர் கேட்டுக்குப் பக்கத்தில் நாணயமும் கையுமாக நின்றார்.

"போய்ட்டு வந்தீங்களா?"

"இன்னும் கொஞ்சம் பேர்தான்."

"அது கொஞ்சமா? கடைசி ஆள் உள்ள போறதுக்குள்ள ஷட்டரை இறக்கிடுவாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?"

வரிசையைப் பார்த்தார். பிறகு மெல்ல, "எப்படிம்மா போறது? எல்லாரும் நிக்கிறாங்களே" என்றார்.

"உங்க பொண்ணு புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிட்டா. கடை வேலைக்குப் போறாளாம்."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அப்போதும் கால் நகரவில்லை. போக மனம் இல்லாமல் அல்ல, போகத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ. சாப்பாட்டு டப்பாவை ஓங்கி கேட்டில் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். டங்கென்று தெருவே அதிர்ந்தது. ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும் என்று அந்த வாரம் முழுக்கப் பழகியிருந்த வரிசை, மூச்சுவிடாமல் நின்றது.

"எல்லாரும் கேளுங்க! இந்த வண்டி இதுக்கு மேல நகராது. கண்டக்டர் இன்னும் டிக்கெட் எடுக்கல!"

சத்தம் கேட்டுக் கவுண்டர் அம்மா கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன ஆச்சு?" என்று கட்டிப்போன குரலில் கேட்டார்.

"இவரும் வேலை போனவர்தாங்க. திங்கள்கிழமையில இருந்து உங்க வாசல்லதான் நிக்கிறார். இன்னும் பதியல."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க... மேலிடத்துல இருந்து அனுப்பின ஆள் இல்லையா?"

காவலாளிக்கு வாய் பிளந்துவிட்டது. "நான் உங்க ஆபீஸ் ஆளுன்னுதானே நெனச்சேன்! தினமும் இவரைக் கேட்டுத்தானே டீ குடிக்கப் போனேன்!"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

முன் வட்டத்தில் ஒரு சலூன்காரர் நின்றிருந்தார். கடை மூடியதிலிருந்து வேலையில்லாதவர். வரிசையில் வளர்ந்து கிடக்கும் தலைகளையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அட என்னண்ணே இது! எங்களையெல்லாம் ஏத்தி விட்டுட்டு நீங்க மட்டும் படியில தொங்கிட்டு வர்றீங்களா? போங்க உள்ள. நீங்க போகாம இங்க ஒருத்தன் நகரமாட்டான்."

"ஆமா, ஆமா" என்று வரிசை முழுக்கக் குரல் போனது. சலூன்காரரே அவர் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு அந்த அம்மா மளமளவென்று தட்டினார். "வேற என்ன வேலை தெரியும்?" என்றார்.

"வேற ஒண்ணும் தெரியாதுங்க."

அந்த அம்மா கண்ணாடி வழியாக வெளியே வளைந்து நிற்கும் வரிசையைப் பார்த்தார். என்னவோ எழுதிக்கொண்டார். "இந்த வரிசையைப் பாத்துக்கற வேலைக்கு மேல கேட்டுப் பாக்கறேன். கிடைக்கும்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு, "உக்காருங்க, போட்டோ எடுக்கணும்" என்றார்.

அங்கேதான் சிக்கியது. கேமரா கவுண்டர் கண்ணாடியில் பொருத்தியிருந்தது, நாற்காலியில் உட்கார்ந்தவரின் முக உயரத்துக்கு. இவர் நின்றார். திரையில் சட்டைப்பை தெரிந்தது. குனிந்தார். உச்சந்தலை தெரிந்தது. முழங்காலை மடித்து அரைகுறையாக நின்றார். கால் நடுங்கியதில் முகம் ஆடியது. மெஷின் முகம் இல்லை, முகம் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"உக்காருங்கய்யா, நேரமாகுது" என்றார் அந்த அம்மா.

இவர் கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பினார். "நிக்கிறாங்களே மேடம்" என்றார்.

அந்த அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எனக்கு மட்டும் புரிந்து என்ன செய்வது? "அவருக்கு உக்கார வராதுங்க" என்று வெளியே பார்த்துச் சொன்னேன். "பஸ்ஸுல ஒரு ஆள் நின்னாலும் உக்காரமாட்டார். அந்தப் பழக்கம். போட்டோவுக்கு உக்காரணும், மாட்டேங்கிறார்" என்றேன்.

சலூன்காரர் என்னைப் பார்த்தார். உள்ளே அரை உயரத்தில் வளைந்து நிற்கும் அவரைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தன் வட்டத்துக்குள் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உக்காருங்கப்பா எல்லாரும்" என்றார். "நம்ம கண்டக்டர் ஒரு நிமிஷம் உக்காரட்டும்."

அவருக்குப் பின்னால் இருந்த பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர். வட்டம் வட்டமாக, தெருமுனை வரைக்கும், முனைக்கு அந்தப் பக்கம் எங்களுக்குத் தெரியாத ஆட்கள்கூட உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு அம்மா மட்டும் மூட்டுவலியால் தரையில் உட்கார முடியாமல் திண்டாடினார். காவலாளி தன் ஸ்டூலைக் கொண்டுபோய் அவருக்குப் போட்டுவிட்டு, தான் கேட்டடியில் குந்தினார்.

இவர் உள்ளேயிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார், கடைசி நிறுத்தத்தில் யாராவது தூங்கிப்போய்விட்டார்களா என்று சீட் சீட்டாகப் பார்ப்பதுபோல. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியும் உட்காரவில்லை. கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நீ நிக்கிறியேம்மா" என்றார்.

பொல்லாத மனுஷன்! நான் அந்த வாசற்படியிலேயே, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பொத்தென்று உட்கார்ந்தேன்.

அவரும் உட்கார்ந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். மெஷின் ஒருமுறை மினுக்கியது. அந்த அம்மா, "முடிஞ்சுது" என்றார். இவர் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அந்த அம்மா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அழுதேன். வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

அன்றைக்கு ஷட்டர் மூடும் நேரம் தாண்டியும் அந்த அம்மா மூடவில்லை. இவர் வெளியே வந்து இரண்டு தட்டுத் தட்ட, எல்லோரும் எழுந்தார்கள். கடைசி வட்டம் காலியாகும்வரை வேலை நடந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில், ஆறிப்போன சோற்றை அவர் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.

உதவித்தொகை வந்தது. மகள் பையின் முடிச்சை அவிழ்த்தாள். மேலிடத்தைக் கேட்டு அந்த அம்மா எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. அதற்குள் பஸ்கள் ஓட ஆரம்பித்து, இவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

பதிவு அட்டையில் அந்தப் போட்டோ இருக்கிறது. கண்ணெல்லாம் சிவந்து, கவசம் தாடையில் தொங்கி, பார்க்கச் சகிக்காது. அதைக் கல்யாண போட்டோவின் கண்ணாடிச் சட்டத்தில், என் பக்கத்தில் காலியாக இருக்கும் நாற்காலியின் மேல் செருகி வைத்திருக்கிறேன்.